பழைய ரோல்ஸ்-ராய்ஸ் கொதித்தால்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழிமுறை

பழைய சொகுசுக் கார் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிஷத்துக்குள் "ஏற்றத்தில் கொதிக்குது" என்ற புலம்பல் வந்துவிடும். மின்விசிறி மாட்டலாமா, பிரஷர் மூடி போடலாமா என்ற யோசனையும் பின்னாலேயே வரும். ஆனால் இந்த வண்டிகள் புதிதாக ஓடிய காலத்தில் இப்படிக் கொதிக்கவில்லை. சில்வர் கோஸ்ட் என்று பெயர் பெற்ற ரோல்ஸ்-ராய்ஸ் 40/50, 1913-ல் ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலைப் போட்டியில் ஓடிப் பேர் வாங்கிய வண்டி. இன்று அது சமதளத்திலேயே ஆவி விடுகிறது என்றால், நூறு வருஷத்தில் அதன் குளிர்விக்கும் திறனில் ஒரு பங்கு எங்கோ தொலைந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் வேறு எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்காது.

இங்கே முக்கியமாக எடுத்துக்கொள்வது 1906-ல் வந்த 40/50, 1922-ல் வந்த 20 எச்.பி., 1925-ன் ஃபேன்டம், 1929-ன் 20/25 ஆகியவற்றை. மற்ற நிறுவனங்களின் அமைப்பு வேறுபடும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

கை வைக்கும் முன் அளந்து பாருங்கள்

இந்த வண்டிகளின் தண்ணீர் அமைப்பு திறந்த அமைப்பு. மூடிக்கு அழுத்தம் கிடையாது. மேல்தொட்டியிலிருந்து ஒரு வழிகுழாய் நேராகக் கீழே தரைக்குப் போகும். ஆகவே கடல்மட்டத்தில் 100 டிகிரியில் தண்ணீர் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும். இத்தாலிய ஆல்ப்ஸில் 2757 மீட்டர் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாயின் உச்சியில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடிவாரத்தில் 85 டிகிரியில் ஓடும் வண்டிக்கு அங்கே மிச்சமிருப்பது ஆறே டிகிரி. மலையில் கொதித்ததை மட்டும் வைத்து வண்டியைக் குற்றம் சொல்லிவிட முடியாது.

அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி போதும். ஒரு எச்சரிக்கை: பளபளப்பான பித்தளையிலும் ஜெர்மன் சில்வரிலும் (வெள்ளி அல்ல, செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை) அது மிகக் குறைவாகக் காட்டும். 90 டிகிரி ரேடியேட்டர் 50 என்று ஏமாற்றும். அளக்கும் இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்த டேப்பின் மேல் அளக்க வேண்டும். டேப் ஒட்ட வேண்டிய இடங்கள் நான்கு: மேல்தொட்டி, கீழ்க்குழாய், எஞ்சினின் முன் சிலிண்டர் ஓரம், ஆறாவது சிலிண்டர் ஓரம்.

வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, நின்றதும் எஞ்சினை அணைக்காமல் அளக்கவும். பம்ப் உள்ள வண்டியில் மேலுக்கும் கீழுக்கும் சுமார் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஆரோக்கியம். இருபத்தைந்தைத் தாண்டினால் தண்ணீர் போதிய வேகத்தில் ஓடவில்லை. ரேடியேட்டர் அடைப்பையோ பம்பையோ பார்க்க வேண்டும். மேலும் கீழும் மூன்று நான்கு டிகிரிக்குள் இருந்து, இரண்டுமே கொதிநிலையை ஒட்டி நின்றால், தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை வாங்கவில்லை. அல்லது எஞ்சின் தேவைக்கு மேல் சூட்டைக் கொட்டுகிறது. இந்த ஒரு கணக்கே பாதி வேலையை முடித்துவிடும்.

ரேடியேட்டர் மூடியின் மேல் நிற்கும் பாய்ஸ் மோட்டோமீட்டரை (1912 காப்புரிமை, பல அமெரிக்கக் கார்களில் அலங்காரம்போல இருக்கும்) முழுக்க நம்ப வேண்டாம். அது அளப்பது தண்ணீரை அல்ல, தண்ணீருக்கு மேலுள்ள ஆவியை. தண்ணீர் வெகுவாகக் குறைந்துவிட்டால் மேல்தொட்டிக்குச் சூடு ஏறாது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது மீட்டர் சாதுவாக நிற்கும்.

ஓட்டத்தில் சரி, நெரிசலில் நின்றால் கொதிக்கிறது

வண்டி நகரும்போது எதிர்க்காற்று வேலையைச் செய்துவிடுகிறது. நின்றதும் எல்லாம் விசிறியின் தலையில் விழுகிறது. அந்தக் காலத்து விசிறிகள் பலவும் தட்டையான தோல் பெல்ட்டில் ஓடின. தோல் காய்ந்தால் வழுக்கும், எண்ணெய் பட்டாலும் வழுக்கும். எஞ்சின் நிற்கும்போது விசிறி இதழை ஒரு விரலால் தள்ளுங்கள். பெல்ட் உருளையைப் பிடிக்காமல் இதழ் மட்டும் சுற்றினால் பிடிப்பு இல்லை. இரண்டு உருளைக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. இறங்கலாம். அதற்கு மேல் இறக்கினால் இறுக்கவும். காய்ந்த தோலுக்கு விளக்கெண்ணெய் மெல்லிய பூச்சாக ஒரு முறை. சொட்டச் சொட்ட ஊற்றினால் முன்பைவிட மோசமாக வழுக்கும்.

ரோல்ஸ்-ராய்ஸில் தண்ணீர் பம்ப் கியரால் ஓடுகிறது, பெல்ட்டால் அல்ல. பெல்ட் அறுந்தாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். நடமாட்டமில்லாத சாலையில் மெதுவாக வீடு வந்து சேரலாம்.

அடுத்து ரேடியேட்டர் முன்னால் உள்ள மடிப்புத் தகடுகள். ஆரம்ப 20 எச்.பி. வண்டிகளில் இவை படுக்கைவாட்டில் இருந்தன, பின்னர் நெடுவாட்டுக்கு மாறின; ஃபேன்டமிலும் நெடுவாட்டுதான். முதலில் ஓட்டுநர் கையால் நெம்புகோல் வைத்துத் திறந்தார். பிந்தைய 20/25-ல் தெர்மோஸ்டாட் தானாகத் திறக்கிறது. கோளாறு பெரும்பாலும் எளியது: இணைப்புக் கம்பியின் மூட்டுகள் காய்ந்து, தகடுகள் பாதியில் நின்றுவிடும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் நெம்புகோல் 'திற' என்று காட்டும். முன்னால் போய்ப் பார்த்தால் தகடுகள் முக்கால்வாசி மூடியிருக்கும். எஞ்சின் சூடான பிறகு முன்னால் நின்று கண்ணால் பாருங்கள். தானியங்கி வகையில் சந்தேகம் வந்தால் இணைப்பைக் கழற்றித் தகடுகளைத் திறந்த நிலையில் செப்புக் கம்பியால் கட்டி ஓட்டவும். கொதிப்பு நின்றால் தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்துப் பாத்திரத்துத் தண்ணீரில் வைத்துச் சூடேற்றி, தண்டு நகர்கிறதா என்று பார்க்கலாம்.

இந்த அறிகுறிக்கு மூன்றாவது காரணம் ஸ்டீயரிங் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது: தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் மாற்றும் இக்னிஷன் நெம்புகோல். தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரிப்பு தாமதமாகத் தொடங்கி, வெளியேற்று வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணையாமல் இருக்கும். 40/50 பக்கவால்வு எஞ்சின், அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே இருக்கும். வெளியேற்றுப் பாதை சிலிண்டர் பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் உறையை (சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வெளி) உரசிக்கொண்டு போகிறது. சைலன்சருக்குப் போக வேண்டிய சூடு தண்ணீருக்கு வந்துவிடுகிறது. மெல்ல, சத்தமில்லாமல் ஐட்லிங் ஓட வேண்டும் என்ற ஆசையில் பலர் நெம்புகோலைத் தாமத நிலையிலேயே விட்டுவிடுகிறார்கள். சோதனை இதுதான்: சமதளத்தில் சீரான வேகத்தில் ஓட்டி, லேசான தட்டல் சத்தம் கேட்கும்வரை நெம்புகோலை முன்னே தள்ளி, பிறகு கொஞ்சம் பின்வாங்கவும். பத்து நிமிஷத்தில் மேல்தொட்டி சூடு ஐந்து டிகிரி இறங்கினால் கோளாறு ரேடியேட்டரில் இல்லை. நெம்புகோலை முழுக்க முன்னே தள்ளியும் தட்டலே வரவில்லை என்றால் அடிப்படை டைமிங் தவறாக வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்பப் பொறி நேரத்தை மாற்றும் கவர்னர் எடைகள் பழைய கிரீஸில் ஒட்டியிருக்கலாம். பெட்ரோல் கலவை மெலிந்திருந்தாலும் இதே கதைதான்: மெலிந்த கலவை மெதுவாக எரியும்.

எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு. எண்ணெய்க் கசிவைப் பார்க்க அது வசதி. ஆனால் விசிறி இழுத்த காற்று பின்பக்கம் போய் வெளியேற வழிகாட்டியது அந்தத் தட்டுதான். அது இல்லாவிட்டால் சூடான காற்றில் ஒரு பகுதி கீழே சுற்றி மறுபடி ரேடியேட்டர் முன்னாலேயே வந்துவிடும்.

ஊருக்குள் சரி, ஏற்றத்திலும் நீண்ட ஓட்டத்திலும் கொதிக்கிறது

இது தண்ணீர் ஓட்டக் குறைவின் முகம். எஞ்சின் முழு வேலை செய்யும்போது தேவைப்படும் அளவு தண்ணீர் ரேடியேட்டரைக் கடக்கவில்லை.

இங்கே ரேடியேட்டரின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் எதுவும் செய்யக் கூடாது. 1901-ன் மெர்சிடிஸ் 35 எச்.பி. காருக்காக வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூடு ரேடியேட்டரில் 6 மி.மீ.க்கு 6 மி.மீ. அளவுள்ள 8070 சதுரக் குழாய்கள் இருந்தன. அவற்றுக்குள் போவது தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். குழாய்க்குள் போவது காற்று. தண்ணீர் குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் படலமாக இறங்குகிறது. ஆரம்பகால ரோல்ஸ்-ராய்ஸ் உட்பட அந்தத் தலைமுறையின் விலை உயர்ந்த கார்கள் பலவும் இந்த வழியைப் பின்பற்றின. குளிர்விப்பதில் அற்புதம். அடைத்துக்கொண்டால் ஆபத்து, ஏனென்றால் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்ய நேரான வழியே கிடையாது. குழாயும் துடுப்புத் தகடும் கொண்ட பிற்கால வகையில் மேல்தொட்டியைக் கழற்றி ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விடலாம். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் ரேடியேட்டர் கடைக்காரரிடம் 'குத்திக் கொடுங்கள்' என்று விட்டுவிட வேண்டாம்.

அடைப்பை உறுதிசெய்ய மூன்று வழிகள்.

முதலாவது, கொள்ளளவு. தண்ணீர் முழுவதையும் வடித்து, லிட்டர் பாத்திரத்தால் அளந்து நிரப்புங்கள். கையேட்டில் சொன்னதைவிட இரண்டு மூன்று லிட்டர் குறைவாக வாங்கினால், அந்த இடத்தில் சேறும் துருவும் குடியிருக்கின்றன. வடிக்கும்போது பிளாக்கில் உள்ள வடிகுழாயையும் திறக்க வேண்டும். திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் அதுவே பதில்: துளைக்கு உள்ளே சேறு. வளைந்த கம்பியால் கிளறினால் காபிப் பொடி நிறத்தில் கொட்டும்.

இரண்டாவது, வடியும் வேகம். ரேடியேட்டரை வண்டியிலிருந்து இறக்கி, கீழ்வாயை ரப்பர் அடைப்பானால் மூடி நிரப்பி, அடைப்பானைச் சட்டென்று இழுங்கள். வாய் நிறையத் தண்ணீர் பாய வேண்டும். முதலில் பாய்ந்து, பிறகு பாதி விட்டத்துக்குச் சுருங்கி வழிந்தால் அடைப்பு.

மூன்றாவது, கீழ் ஹோஸ். பானட்டைத் திறந்து வைத்து, சூடான எஞ்சினை வேகமாக ரைஸ் செய்து பாருங்கள். பம்புக்குப் போகும் கீழ் ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொண்டு தட்டையானால், ஹோஸ் மெலிந்துவிட்டது என்று புதியது மாற்றிவிட்டு நிம்மதியாகிறார்கள். அது பாதி உண்மை. பம்ப் இழுக்கும் அளவுக்கு ரேடியேட்டர் தண்ணீர் கொடுக்கவில்லை என்பதால்தான் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸ் ஒட்டுகிறது. உள்ளே சுருள்கம்பி போட்டு ஹோஸைத் தாங்கலாம். அடைப்பு அப்படியே இருக்கும்.

ரேடியேட்டரில் குறை இல்லை என்றால் பம்ப். உள்விசிறியின் இதழ்கள் துருவில் கரைந்து குட்டையாகியிருக்கும், அல்லது தண்டில் பிடித்திருக்கும் ஆணி வெட்டுப்பட்டு, தண்டு மட்டும் சுற்றும். மேல்தொட்டி மூடியைத் திறந்து (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்) ஸ்டார்ட் செய்து வேகத்தை ஏற்றினால், தண்ணீர் கண்ணுக்குத் தெரியப் புரள வேண்டும்.

எஞ்சினின் பின்பகுதி மட்டும் கொதிக்கிறது

ஆறாவது சிலிண்டர் ஓரத்தில் அளந்த சூடு முன் சிலிண்டரைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி அதிகமாக இருந்தால், ரேடியேட்டரை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை. வார்ப்பு மணல், துரு, சுண்ணாம்பு எல்லாம் ஓட்டம் குறைந்த பின்மூலையில்தான் சேர்கின்றன. 20 எச்.பி., 20/25 எஞ்சின்களில் பெரும்பாலான கொதிப்புக் கதைகள் இங்கேதான் முடிகின்றன என்பது எங்கள் கணிப்பு. ரேடியேட்டர் கண்ணுக்கு முன்னால் பளபளவென்று நிற்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

நல்லவேளையாக இந்த எஞ்சின்களில் தண்ணீர் உறையின் பக்கத்தில் கழற்றக்கூடிய தகடு உண்டு. வரிசை இது:

1. தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவரவும். அவசரப்பட்டால் தலை முறியும். முறிந்த திருகைத் துளையிட்டு எடுக்கும் வேலை முழு வேலையையும்விடப் பெரியது.

2. தண்ணீரை வடித்து, திருகுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவும். ஒரு ஓரத்தை மட்டும் நெம்பினால் தகடு வளைந்துவிடும்.

3. உள்ளே தெரியும் கசட்டை, கொக்கிபோல் வளைத்த கம்பியாலும் மரக்குச்சியாலும் சுரண்டி எடுக்கவும். கைநிறைய வருவது சாதாரணம். பின்மூலைக்குக் கண் எட்டாது. சிறு கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

4. தண்ணீரும் அழுத்தக் காற்றும் மாற்றி மாற்றி. இந்த நேரத்தில் மேல், கீழ் ஹோஸ்கள் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிளறிய சேறு நேராக ரேடியேட்டருக்குப் போகும்.

5. தகட்டின் உட்பக்கம் குழி விழுந்திருக்கும். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் தண்ணீர் நின்றால் அலுமினியம்தான் கரையும். விரல் நகம் உள்ளே போகும் அளவுக்குக் குழி இருந்தால் புதுத் தகடு.

6. புது கேஸ்கட், சூடு தாங்கும் ஒட்டுப்பசை மெல்லியதாக, திருகுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் இறுக்கம்.

கிளறிய பிறகும் சிதறல்கள் பல நாள் வந்துகொண்டிருக்கும். பழைய நைலான் காலுறையில் ஒரு துண்டு வெட்டி, மேல் ஹோஸின் ரேடியேட்டர் முனையில் பைபோல் தொங்கவிட்டு கிளிப்பை இறுக்குங்கள். முதல் 100 கி.மீ.யில் அதில் சேர்வதைப் பார்த்தால், அவ்வளவும் ரேடியேட்டருக்குள் போயிருக்குமே என்று வயிற்றைக் கலக்கும். சுத்தமாக வரும்வரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி மாட்டவும். அடைந்த பை தானே ஒரு புது அடைப்பு.

மருந்து ஊற்றிக் கழுவுவதைப் பற்றி: இரும்பு, பித்தளை, செம்பு மட்டும் உள்ள அமைப்புக்கு சிட்ரிக் அமிலம் நல்லது. லிட்டருக்கு 25 கிராம், ஆகவே 20 லிட்டருக்கு அரை கிலோ. 70 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஓட்டி, வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, பிறகு லிட்டருக்கு 5 கிராம் ஆப்பசோடா கலந்த தண்ணீரில் ஒரு முறை. அலுமினியம் இருக்கும் இடத்தில் இதைக்கூட யோசித்துத்தான் செய்ய வேண்டும். 20 எச்.பி.யின் பக்கத் தகட்டையும், 1928-க்குப் பிறகு ஃபேன்டமுக்கு வந்த அலுமினிய ஹெட்டையும் (சிலிண்டர்களின் மேல்மூடி) மறந்துவிடக் கூடாது. கழுவுவதற்குக் காஸ்டிக் சோடாவைத் தொடவே வேண்டாம். அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். 1919-ன் இஸ்பானோ-சுயிசா எச்6-ல் பிளாக்கே அலுமினியம், அதில் எஃகுச் சிலிண்டர்கள் திருகி ஏற்றப்பட்டிருக்கின்றன. 1936-ன் ஃபேன்டம் III-ன் வி12-ம் அலுமினியம்தான். அவற்றில் கைவேலையும் சுத்தத் தண்ணீரும் மட்டுமே.

காடிலாக்கின் 1914-ன் வி8-ஐ வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிகுறி வேறு வடிவத்தில் வரும். அதில் இரு பக்கத்துச் சிலிண்டர் தொகுதிக்கும் தனித்தனி பம்ப், தனித்தனி தெர்மோஸ்டாட். ஒரு பக்கம் 95, மறுபக்கம் 75 என்று அளவு வந்தால் ரேடியேட்டருக்குப் போகாமல் சூடான பக்கத்து பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் மட்டும் பிரியுங்கள்.

கொதிக்கவே இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது

நிறையப் பேர் கொதிப்பு என்று நினைப்பது உண்மையில் இதுதான். வழிகுழாயில் தண்ணீர் கொட்டும், வெப்பமானியோ 75 காட்டும்.

முதல் காரணம் அப்பாவித்தனமானது: கழுத்துவரை நிரப்புவது. 15 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் ஏறக்குறைய 4 சதவீதம் விரியும். 20 லிட்டரில் அது முக்கால் லிட்டருக்கு மேல். அவ்வளவும் வெளியேறித்தான் தீரும். குளிர்ந்த நிலையில் குழாய்களின் தலை மூழ்கி, மேலே நான்கு ஐந்து சென்டிமீட்டர் காலியாக இருந்தால் போதும். 'தினமும் ஒரு சொம்பு குடிக்கிறது' என்று சொல்லும் வண்டிக்கு மறுநாள் ஊற்றாமல் ஓட்டிப் பாருங்கள். மட்டம் அங்கேயே நின்றுவிட்டால் பிரச்சினை முடிந்தது.

இரண்டாவது, வேகமாகப் போகும்போது மட்டும் கொட்டுவது. பம்ப் அனுப்பும் வேகத்துக்கு அடைபட்ட ரேடியேட்டர் கீழே இறக்க முடியாமல், மேல்தொட்டி நிரம்பி வழிகிறது. இது மேலே சொன்ன அடைப்பின் இன்னொரு முகம்.

மூன்றாவது காற்று. பம்பின் கிளாண்ட் (தண்டைச் சுற்றிக் கயிறு திணித்து நட்டால் இறுக்கிய கசிவுத் தடுப்பு) தளர்ந்திருந்தால் எஞ்சின் நிற்கும்போது சொட்டும். ஓடும்போது சொட்டு நின்றுவிடும், ஏனென்றால் இழுவைப் பக்கத்தில் அது வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. நுரைத்த தண்ணீர் பருத்து வெளியே போகும். வழிகுழாயின் முனையைத் தண்ணீர் உள்ள கண்ணாடி ஜாடிக்குள் விட்டுப் பாருங்கள். வேகம் ஏறும்போது குமிழி வந்து, வேகம் குறைந்தால் நின்றால் கிளாண்டைக் கவனிக்கவும்.

கிளாண்ட் பேக்கிங் மாற்றுவது சிறிய வேலை, கெடுப்பதும் எளிது. பழைய கயிறு முழுவதையும் கொக்கியால் எடுக்கவும். மேலே புதிதாக ஒரு சுற்று போட்டு ஒப்பேற்றக் கூடாது. அந்தக் காலத்துக் கயிறு அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், நனைத்தே எடுங்கள். கிராஃபைட் கலந்த புதுக் கயிறைத் தண்டின்மேல் சுற்றி வளையங்களாக வெட்டி, இணைப்பு வாய்கள் ஒன்றின்மேல் ஒன்று வராதபடி மூன்று வளையம் போடவும். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் ஆறில் ஒரு சுற்று. ஓடவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு சொட்டு வந்தால் அப்படியே விடுங்கள். அந்தச் சொட்டையும் நிறுத்த வேண்டும் என்று இறுக்கினால் தண்டில் வரி விழும். பிறகு எந்தக் கயிறும் நிற்காது.

பம்பின் கிரீஸ் கிண்ணத்திலும் அளவு வேண்டும். தண்ணீரில் கரையாத கால்சியம் வகை கிரீஸ், சில நூறு கி.மீ.க்கு ஒரு திருப்பு. தினமும் திருப்பினால் மிஞ்சிய கிரீஸ் தண்ணீரோடு போய் ரேடியேட்டரின் உட்சுவரில் படலமாகப் படியும். மெல்லிய கிரீஸ் படலம் சூட்டைத் தடுப்பதில் சுண்ணாம்புக்குச் சளைத்ததல்ல.

ஸ்டார்ட் செய்த உடனே குமிழி

எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே ஜாடியில் குமிழி வந்து, வேகம் குறைத்தாலும் நிற்காமல் வந்தால் எரிவாயு தண்ணீருக்குள் புகுகிறது. 20 எச்.பி., 20/25, ஃபேன்டம் வகைகளில் ஹெட் தனியாகக் கழலும். கேஸ்கட்டை முதலில் சந்தேகிக்கலாம். 40/50-ல் அந்த ஆறுதல் இல்லை. மூன்று மூன்று சிலிண்டராக வார்த்த இரண்டு பிளாக்குகள், ஹெட்டும் அதோடு சேர்ந்த ஒரே வார்ப்பு. கேஸ்கட்டே இல்லாத எஞ்சினில் எரிவாயு வந்தால் விரிசல் என்றே பொருள். முடிவுக்கு வருமுன் எரிவாயு கண்டறியும் நீலத் திரவக் குப்பியை மேல்தொட்டி வாயில் வைத்துச் சோதியுங்கள்: நீலம் மஞ்சளானால் உறுதி, நீலமாகவே இருந்தால் அது கிளாண்ட் வழியாக வந்த வெறும் காற்று. எந்தச் சிலிண்டர் என்று அறிய, பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, கியர் போட்டு, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றை விட்டு, மேல்தொட்டியைப் பார்க்கவும்.

விரிசல் ஏன் வருகிறது என்றால், பெரும்பாலும் அவசரத்தால். கொதித்த வண்டியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதுபோல் இந்த வார்ப்புகளுக்குக் கெடுதல் வேறில்லை. குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வெந்நீரை மெல்லிய தாரையாக ஊற்றவும்.

ரேடியேட்டர் கசிவு

கசிவு அடைக்கும் பொடியும் திரவமும் தேன்கூடு ரேடியேட்டருக்கு விஷம். ஒரு மி.மீ. கசிவைத் தேடிப் போகும் பொருள், அதே அளவுள்ள தண்ணீர் இடைவெளிகளையும் மூடிவிடும். ஈயப்பற்றுதான் வழி. சாதாரண ஈய-வெள்ளீயப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால், ஒரு மூட்டுக்குச் சூடு காட்டும்போது பக்கத்து மூட்டுகள் கழலாதபடி ஈரத்துணி சுற்ற வேண்டும். ஜெர்மன் சில்வர் மேலுறையும் இதேபோல் பற்றவைத்துச் சேர்த்ததுதான். அனுபவமில்லாத கைக்குக் கொடுக்கக் கூடாது. பிரஷர் மூடி வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். திறந்த அமைப்புக்காகச் செய்த தட்டையான தொட்டிச் சுவரும் நீண்ட ஈய மூட்டுகளும் உள்ளழுத்தத்தைத் தாங்குவதற்கு என்று செய்யப்பட்டவை அல்ல.

எந்தத் தண்ணீர்

மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர், கூடவே துருத்தடுப்பான். உறைபனி இல்லாத ஊரில், தண்ணீர் உறைவதைத் தடுக்கும் கிளைக்கால் கூலண்ட் தேவையில்லை. பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் சூட்டைச் சுமக்கும் திறன் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும். கிளாண்ட் வழியாகக் கசிவதிலும் அது தண்ணீரைவிடக் கெட்டிக்காரன். 1927-ல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் சந்தைக்கு வருமுன் மெத்தனால்தான் பரவலாக ஊற்றினார்கள். அது 65 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும். பனிக்கால ஊரில் இன்று கிளைக்கால் வேண்டும்தான், ஆனால் குளிருக்குத் தேவையான அளவு மட்டும்.

பம்ப் இல்லாத வண்டிகள்

ரெனோவின் பெரிய கார்களில் 1920-களிலும் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் இருந்தது. அவற்றில் தெர்மோசைஃபன் வகையில் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் மேலெழும் ஓட்டம் மட்டும்தான். அங்கே விதி ஒன்று: மேல்குழாய் ரேடியேட்டரைச் சேரும் வாய்க்குக் கீழே மட்டம் இறங்கினால் சுற்றோட்டம் குறையாது, அடியோடு நின்றுவிடும். பம்ப் வண்டியில் இரண்டு லிட்டர் குறைந்தால் சமாளிக்கலாம், இங்கே முடியாது. மேலுக்கும் கீழுக்கும் 25, 30 டிகிரி வித்தியாசம் வந்தாலும் இந்த வகைக்கு அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

அணைத்த பிறகு கொதிக்கிறது

ஏற்றம் ஏறி வந்ததும் சாவியைத் திருப்பினால், பம்பும் விசிறியும் நின்று, இரும்பில் தேங்கிய சூடு அசையாத தண்ணீரில் இறங்கும். இரண்டு நிமிஷம் ஐட்லிங் விட்டு அணைத்தால் சரியாகிவிடும். அப்படிச் செய்தும் உலை கொதிப்பதுபோல் களகள சத்தம் கேட்டால் உறைக்குள் எங்கோ சுண்ணாம்புத் திட்டு இருக்கிறது. பின்பகுதி கொதிப்புக்குச் சொன்ன வேலைக்குப் போங்கள்.

சூடாகி எஞ்சின் நின்றுவிடுகிறது, ரேடியேட்டர் 85 டிகிரிதான்

இது பெட்ரோல் கோளாறு. இன்றைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி 35 டிகிரி அளவிலேயே கிளம்பிவிடும். அந்தக் காலத்துப் பெட்ரோல் இவ்வளவு அவசரப்பட்டதில்லை. வெளியேற்றுக் குழாயை ஒட்டிப் போகும் செப்புக் குழாயிலோ, எஞ்சினின் இழுவையால் பெட்ரோலை இழுத்துத் தரும் ஆட்டோவாக் தொட்டியிலோ, கார்பரேட்டர் கிண்ணத்திலோ ஆவி அடைத்து எஞ்சின் இருமி நிற்கும். குழாயைக் கொஞ்சம் நகர்த்தி, சூடு தாங்கும் நாடா சுற்றவும். உறுதிசெய்ய வேண்டுமா? வண்டி நின்ற இடத்திலேயே கார்பரேட்டர் மேலும் குழாய் மேலும் ஈரத்துணியைப் போர்த்துங்கள். ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பினால், ரேடியேட்டர் பக்கம் ஸ்பேனரோடு போக வேண்டாம்.